கவிழ்த்து வைத்த ரொட்டி

பீபிசோரோ சுடும் ரொட்டிக்கு எங்கள் ராஷ்ட் பள்ளத்தாக்கில் தனி மதிப்பு உண்டு. உள்நாட்டுச் சண்டையில் புருஷன் செத்துப் போன பிறகு அந்தத் தந்தூர் அடுப்புதான் அவளுக்கும் மகள் மோஹிராவுக்கும் சோறு போட்டது. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி நான், அவளைச் சரியான பயந்தாங்கொள்ளி என்றே நினைத்திருந்தேன்.

சண்டையின் கடைசிக் குளிர்காலத்தில், துப்பாக்கியோடு திரிந்த குர்போனலி மோஹிராவை வீட்டிலிருந்து இழுத்துப் போனான். அப்போது அவளுக்கு வயது பதினைந்து. பனி உருகும்போது தனியாக நடந்து திரும்பி வந்தாள். ஊர் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் அடுத்தவர் முன்னால் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

தலைநகர் துஷான்பேயிலிருந்து சமாதானச் செய்தி வந்தது. கூடவே, சண்டை போட்டவர்களைப் போலீசில் சேர்க்கும் ஏற்பாட்டில், குர்போனலிக்குப் போலீஸ் உடுப்பும் வந்தது. அதைவிடக் கொடுமை, ஊர்ப் பெரியவர் மிரோலி பீபிசோரோ வாசலில் வந்து நின்று சொன்னது.

"சமரச விருந்து உன் வீட்டுலதாம்மா. நீ சுட்ட ரொட்டியை அவன் பிட்டு வாயில வச்சுட்டா பழசெல்லாம் தீந்துச்சு. அப்புறம் பொண்ணையும் அவனே கட்டிக்குவான். வேற எவன் கட்டுவான், சொல்லு?"

பீபிசோரோ சரியென்று தலையை ஆட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?" என்றேன்.

"மாவு பிசையணும், தள்ளுடி" என்றாள்.

விருந்தன்று ஆண்கள் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் குர்போனலி. பீபிசோரோ ரொட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். எங்கள் பக்கம் தெருவில் கவிழ்ந்து கிடக்கும் துண்டைக்கூட எடுத்து, முத்தமிட்டு, நிமிர்த்தி வைப்பார்கள். இப்படி வேண்டுமென்றே கவிழ்த்து வைத்தால், உன் உறவே வேண்டாம் என்று அர்த்தம். அதை எவனும் தொட மாட்டான்.

"அடிப்பாவி! ரொட்டியை நிமித்தி வைடி!" என்று மிரோலி அலறினார்.

"என் மவ கவுந்து கெடந்தப்ப நிமித்த யாரு வந்தீங்க?" என்று கேட்டாள் பீபிசோரோ.

குர்போனலி விருட்டென்று எழுந்து போனான். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். "ரொட்டிக்கு இப்படி ஒரு அவமானமா!" என்று வாசலில் நின்று கண் கலங்கினார்கள். இவர்களுக்கெல்லாம் அழக்கூடத் தெரியுமா!

உள்ளே திரும்பிப் பார்த்தேன். திரைக்குப் பின்னாலிருந்து மோஹிரா வந்தாள். ரொட்டியை எடுத்து, முத்தமிட்டு, எங்கள் எதிரிலேயே பிட்டுத் தின்றாள்.

"இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டாள்.