மாப்பிள்ளைக்குத் தனி வைஃபை

ஒரே வீட்டுக்குள் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களை ஒன்றையொன்று பார்க்க வைப்பது சம்பந்தம் பேசி முடிப்பதைவிடச் சிரமம். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் குளத்தூர்ப் பக்கம் இதற்காகவே என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் தனி ஆள். என் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், அதற்கு இந்த நோய் இல்லை. உங்கள் வீட்டில் இரண்டு இருந்தால், பக்கத்து ஊரான ஆவூரில் ஒரு வீட்டில் நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

மாடியும் கீழும்

என் பழைய மாணவி ஜெனிட்டா ஒரு பள்ளி வேலைக்கு மாலை ஐந்துக்குள் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். சான்றிதழ்களின் ஸ்கேன் மாடியில், அப்பா அருளப்பனின் கம்ப்யூட்டரில். விண்ணப்பம் கீழே, கணவர் சகாயத்தின் லேப்டாப்பில். லேப்டாப்பில் மாடிக் கம்ப்யூட்டர் தெரியவில்லை. அருளப்பன் தன் மெயில் பாஸ்வேர்டை மறந்து வருஷமாகிறது. பென்டிரைவில் எடுக்கலாமென்று மாடி ஏறினால், கம்ப்யூட்டரின் அத்தனை துளைகளையும் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்.

"போன தடவ அந்தக் குச்சியாலதான் வைரஸ் வந்துச்சு டீச்சர். பிரிச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

மரியாதை

கீழே காரணம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கென்று வைஃபையில் விருந்தாளி இணைப்பு ஒன்றைத் தனியாகப் போட்டிருந்தார்கள். அதில் இன்டர்நெட் வரும். வீட்டின் மற்ற கம்ப்யூட்டர்கள் தெரியாது. எல்லோருக்கும் தட்டு, அவருக்கு மட்டும் தலைவாழை இலை என்கிற மாதிரி. வீட்டு இணைப்புக்கு மாற்றப் போனேன். ஜெனிட்டாவின் அம்மா செசிலி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணமாகி மூணு மாசங்கூட ஆகல. அதுக்குள்ள மாப்பிள்ளைய எங்க கூட்டத்துல சேத்துட்டா, சம்மந்தி வீட்டுல என்ன பேசுவாங்க?"

தெரிந்தது, மறைந்தது

அம்மாவை ஜெனிட்டா ஒருவழியாகச் சமாதானப்படுத்தினாள். மாற்றினேன். மாடிக் கம்ப்யூட்டரின் பெயர் திரையில் விடிவெள்ளி போல எழுந்தது. எழுந்த வேகத்தில் அணைந்தும் போனது. மணி நாலரை. மறுபடி படியேறினேன். அருளப்பன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் அணைச்சேன் டீச்சர். வந்து மூணு நாளா கீழயே இருக்காரு. மேல வந்து, 'மாமா, அந்த சர்டிபிகேட்டக் குடுங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டாரா?"

இறங்கிப்போய்ச் சொன்னேன். சகாயத்துக்கு முகம் வெளிறிவிட்டது.

"மாமா கூப்பிடாம மாடிக்குப் போனா மரியாதையா இருக்காதுன்னுல்ல இருந்தேன்!"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஏறினார். மாடிக் கம்ப்யூட்டர் மறுபடி திரையில் தெரிந்தது. நாலு ஐம்பதுக்குச் சான்றிதழ்கள் லேப்டாப்புக்கு இறங்கி வந்தன. ஜெனிட்டா விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாடியிலிருந்து அருளப்பன் குரல் கேட்டது.

"ஏய் செசிலி, மாப்பிள்ளைக்குக் காப்பிய இங்கிட்டே குடுத்துவிடு!"

நெட்வொர்க் பழுது என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் இருபது படி ஏற யாருக்கும் மனம் வராத வீடுகளில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.