காதில் சொல்லாத பெயர்

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ‘வி’யில் தொடங்கும், நிலவொளி என்று பொருள், பெண் குழந்தைக்கு வைக்கிற பெயர். இவ்வளவு தெரிந்தால் போதும். நாலரை வருஷம் அதை வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்தவள் நான். இப்போது எழுதி மட்டும் என்ன ஆகப்போகிறது?

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். எங்கள் கம்பெனியில் குழந்தைத் துணி மட்டும்தான் தைப்பார்கள். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விளக்கடியில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்த்துத் தள்ளுவது என் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து எனக்கு ஒன்று தங்கியபோதும் அந்த மேஜையில்தான் இருந்தேன். எந்தத் தேசத்துக் குழந்தையோ போடப்போகிற சட்டையைப் புரட்டிக்கொண்டே என் குழந்தைக்குப் பெயர் தேடினேன்.

எதிர் மேஜையில் ஒரு அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் இருக்கிற பெயர்களை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அவள் தீர்ப்புச் சொல்வாள். “ஏட்டி, இது பேரா மாத்திரையா? காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பொறவுன்னு சொல்லுவாவல்லா, அது மாதிரி இருக்கு.” பொருளைப் படித்தால் இன்னும் சிரிப்பு வரும். எந்தப் பெயரைத் தட்டினாலும் லட்சுமி, இல்லாவிட்டால் சூரியக் கதிர். ஒரே பெயருக்கு ஒரு பக்கத்தில் தாமரை என்று போட்டிருக்கும், இன்னொரு பக்கத்தில் வெற்றி என்று போட்டிருக்கும். “எது நெசம்னு பிள்ளை வளந்து அதுவே சொல்லும், நீ சோத்தத் தின்னு” என்பாள். அப்படியெல்லாம் சிரித்துக் கிடந்த நாட்கள் எனக்கும் இருந்தன.

நிலவொளி என்று பொருள் போட்ட அந்தப் பெயரைப் பார்த்ததும் நான் அவளிடம் வாசிக்கவில்லை. கேலி செய்துவிடுவாளோ என்று பயம். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் போட்டு வைத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அர்த்தமெல்லாம் வேண்டியதில்லை. எண் சரியாக வர வேண்டும், அவ்வளவுதான். அவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சொந்தமாக நாலு மெஷின் போட்டு நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டதிலிருந்து, எல்லாம் பெயர் எண்ணின் கோளாறு என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். வீரபாண்டியில் எண் பார்த்துப் பெயர் சொல்கிற ஒருவரிடம் போய், அவர் சொன்னபடி இங்கிலீஷில் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டுக் கையெழுத்திட்டார். எழுத்துதான் கூடியது, வேறு ஒரு மண்ணும் கூடவில்லை. கேட்டால், “உனக்கொண்ணும் தெரியாது, பேசாம இரு” என்பார். நானும் பேசாமல் இருந்தேன். இருந்திருக்கக் கூடாது.

பெண் பிறந்தாள். ரோகிணி நட்சத்திரம், மூன்றாம் பாதம். அதற்கு ‘வி’ எழுத்து என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் ஒளித்து வைத்திருந்த பெயரும் ‘வி’தானே! வலது காது மேலே ஒட்டுகிற இடத்தில் அவளுக்கு ஊசி முனையால் குத்தினாற்போல ஒரு சின்னக் குழி இருந்தது. செக்கிங் கண் அல்லவா, முதலில் அதுதான் பட்டது. அதைத் தடவிப் பார்த்து, “இது பாஸ்” என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வீரபாண்டிக்காரர் ஐந்து பெயர்கள் எழுதிக் கொடுத்தார். அதில் மூன்றாவதாக நான் மனசுக்குள் வைத்திருந்த பெயர் இருந்தது. நான் சொல்வதற்கு முன்பே வீட்டுக்காரர் அதைத் தொட்டுக் காட்டி, “எண்ணு இதுக்குத்தான் ஜோரா வருது” என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

ஆனால் உடனே வைக்கக் கூடாதாம். “தேய்பிறை கழியட்டுமுங்க. இருபத்தொண்ணாம் நாளு வெச்சுக்கலாம். அதுவரைக்கும் பேரு ஆரு வாயிலயும் வரக் கூடாதுங்க. மொதல்ல பிள்ளை காதுலதான் உழுகோணும். அத்தைக்காரி மூணு தடவ சொன்னதுக்கப்பறந்தான் அது அந்தப் பிள்ளை பேரு” என்றாராம். எங்கள் வழக்கமும் கிட்டத்தட்ட அதுதான். அத்தைதான் காதில் சொல்ல வேண்டும். அத்தை என்றால் வீட்டுக்காரரின் அக்கா. நங்கையா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷிதான், ஆனால் வழக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் இரும்பு. அவரும் தம்பி பேச்சையே பேசினார். பாப்பா, தங்கம், பட்டு, சாமி என்று என்னென்னவோ சொல்லிக் கொஞ்சினேன். அந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை.

பதினாலாம் நாள் பால் குடிக்கவில்லை. விலா எலும்பு உள்வாங்கி உள்வாங்கி மூச்சு விட்டாள். அள்ளிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மணிக்கட்டில் ஒட்டிய நாடாவில் என் பெயரை எழுதி, அதோடு குழந்தை என்று எழுதினார்கள். அங்கே இருந்த நர்ஸ் சின்னப் பெண். “பேரு என்னங்க்கா வெச்சிருக்கீங்க? பேரு சொல்லிக் கூப்புடுங்க, அம்மா கொரலு கேட்டா நல்லதுங்க” என்றாள்.

“இன்னும் வெக்கலீங்க” என்றேன்.

பெட்டியில் கை விடுவதற்கு ஒரு வட்டத் துவாரம் உண்டு. அது வழியாக ஒரு விரலை விட்டு அந்தக் காதுக் குழியைத் தொட்டுக்கொண்டே நின்றேன். பதினேழாம் நாள் ராத்திரி வாயைத் துவாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் நாலு நாள்தானே, சொல்லித் தொலைத்து ஏதாவது ஆகிவிட்டால் என்று விழுங்கிக்கொண்டேன். நாள் பார்த்தேன், நாள்! அது ஒவ்வொரு மூச்சுக்கும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது, பெற்றவள் நின்று நாள் பார்த்தேன். என்னை எதால் அடிப்பது?

பதினெட்டாம் நாள் காலையில் போய்விட்டாள். வெள்ளைத் துணியில் சுற்றி எங்கள் கையில் கொடுத்தார்கள். கூடவே கொடுத்த காகிதத்தில், பெயர் என்று போட்ட இடத்தில் ஒரு கோடு கிழித்திருந்தது.

வீட்டில் ஆண்கள் வாசலில் நின்றார்கள். எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. வாசலோடு சரி. அவள் என் மடியில் இருந்தாள். எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் துணியை விலக்கி அந்த வலது காதுக்குக் குனிந்தேன். இனி என்ன தேய்பிறை, என்ன வளர்பிறை? ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நங்கையா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார்.

“வேண்டாங் கண்ணு, சொல்லாத. பேரு சொல்லிட்டா அது அந்தப் பேரோட போயிருமாமா. பேரில்லாம போனாத்தான் தெக்கு வடக்குத் தெரியாம உன்ற வயித்துக்கே திரும்பி வரும். அந்தப் பேர அதுக்கே வெச்சிரு, சாமி.”

அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார். திரும்பி வரும் என்கிற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் வாயை மூடினேன். வீட்டுக்காரர் இரண்டு கையிலும் ஏந்தி வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் திரும்பவும் அதே மேஜை, அதே விளக்கு, அதே குட்டிச் சட்டைகள். எதிர் மேஜை அக்கா பெயரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறந்த குழந்தை அளவு பீஸ் வந்தால் சத்தமில்லாமல் என் பக்கத்திலிருந்து இழுத்துத் தன் பக்கம் போட்டுக்கொள்வாள். நான் காத்திருந்தேன். மாதம் தவறாமல் ஏமாந்தேன். இனிமேல் தங்குவது கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும், அவளுக்கு என்ன தெரியும் என்று காத்திருந்தேன். பஸ்ஸில் யாராவது தன் பிள்ளையை அந்தப் பெயரில் கூப்பிட்டுவிட்டால், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவேன். அது அவளுக்காக எடுத்து வைத்திருக்கிற பெயர். மற்றவர்கள் வாயில் அடிபடுவதைக் கேட்கக்கூட எனக்குப் பொறுக்காது.

என் தம்பி காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிறான். போன வருஷம் அவனுக்குப் பெண் பிறந்தது. ரோகிணி. அதிலும் மூன்றாம் பாதம். இருபத்தேழு நட்சத்திரத்தில் அதுதானா கிடைத்தது, கடவுளே! என் வீட்டுக்காரர் சும்மா இருக்காமல் அதே வீரபாண்டிக்காரரிடம் அவனை அனுப்பி வைத்தார். பேர் வைக்க இரண்டு நாள் இருக்கும்போது நாங்கள் காங்கேயம் போயிருந்தோம். தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினான். ஐந்து பெயர் எழுதி, ஒன்றுக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

“அக்கா, இந்தப் பேரு எப்படி? நெலா வெளிச்சம்னு அர்த்தமாமா. ஆருகிட்டயும் சொல்லல, உன்கிட்டத்தான் மொதல்ல காட்டறேன். நீதான் காதுல சொல்லோணும்.”

அதே பெயர். அவன் தொடர்ந்து சொன்னான்: “என்ற மாமியா ஊட்டுல, பறிகொடுத்த வாயி வேண்டாம், வேற ஆரையாச்சும் சொல்லச் சொல்லுன்னாங்க. நான் சண்டையே போட்டுட்டேன். எனக்கிருக்கறது ஒரே அக்கா, அவதான் சொல்லுவான்னுட்டேன்.”

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்காகச் சண்டை போட்ட சந்தோஷம். நல்லா இருக்கு என்றேன்.

வண்டியில் திரும்பும்போது வீட்டுக்காரரைக் கேட்டேன். “ஏனுங்க, அது நம்ம பிள்ளை பேருன்னு உங்களுக்கு நெனப்பே இல்லீங்களா?”

வண்டியை ஓட்டிக்கொண்டே, “நெனப்பு இல்லாம என்ன? ஆனா அது நாம வெக்காத பேருதானே. காதுல சொல்லாத பேரு எப்படி அதும் பேரு ஆவும்? ஆரு வேணும்னாலும் வெச்சுக்கலாம்” என்றார். “இத உன்ற தம்பிகிட்டச் சொல்லித் தொலைக்காத. செத்த பிள்ளைக்குப் பார்த்த பேருன்னு தெரிஞ்சா அவம் பொண்டாட்டி பயந்துக்கும். அப்பறம் வெறும் வாயை மெல்லறவங்களுக்கு நீயே அவலக் குடுத்த மாதிரி ஆயிரும்.”

ஓடுகிற வண்டியிலிருந்து அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று வந்தது. தள்ளவில்லை. அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லையே. சொல்லாமல் விட்டவள் நான். வைக்காத பெயருக்கு நான் எங்கே போய் உரிமை கேட்பது?

பேர் வைக்கிற அன்று காலையில் தம்பி வீடு நிறையச் சனம். சேலையில் தொட்டில் கட்டி, பூச்சரம் சுற்றியிருந்தார்கள். தம்பி பெண்டாட்டி குழந்தையை என் மடியில் வைத்தாள். அவளுடைய அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தயங்கினால் அதையும் ஒரு சகுனமாக்கிவிடுவார்கள். வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு வலது காதுக்குக் குனிந்தேன். வழுவழுப்பான காது. குழி இல்லை. நான் கண்ணால் தேடியது அதைத்தான், வேறென்ன.

முதல் தடவை சொன்னபோது குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது. அதை மடியில் இருந்தவளுக்குச் சொல்லவில்லை, போனவளுக்குச் சொன்னேன். ஆண்டவன் என்னை மன்னிக்கட்டும். இரண்டாவது தடவை யாருக்குச் சொன்னேனென்று எனக்கே தெரியாது. மூன்றாவது தடவை சொல்லும்போது குழந்தை கண்ணைத் திறந்து, குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பியது. பெயர் அதற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லோரும் சத்தமாக அந்தப் பெயரைச் சொல்லிச் சர்க்கரை வழங்கினார்கள். தம்பி அழுதுவிட்டான். என் வாயிலும் சர்க்கரையைப் போட்டான்.

சாப்பாட்டுப் பந்தியில் நங்கையா என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டார். அன்று என் வாயைப் பொத்தினாரே, அதே கை. பேர் வைக்காமலே போனதால், அது எந்தப் பெயர் என்று அவருக்குத் தெரியாது. “நல்ல பேரு கண்ணு. நீ சொன்ன ராசிக்கு உனக்கும் சீக்கிரம் தொட்டில் ஆடும், பாரு. பேரில்லாமப் போனது திரும்பி வராமயா போயிரும்?” என்றார்.

வரட்டும். நங்கையா வாக்குப் பலித்து அவள் வந்தே விடட்டும். வலது காதில் குழியோடு அவளே வரட்டும். நான் எதைச் சொல்லி அவளைக் கூப்பிடுவேன்?