முன்னறைக் கட்டில்

செர்பியாவின் வடக்கில், ஸ்லோவாக் மக்கள் அதிகம் வாழும் ரவ்னியே கிராமத்தில் யுதித்தாவைப் பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "வாத்தியாரோட அக்கா" என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். அவளுக்கும் அந்தப் பெயரே பிடித்திருந்தது. அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பி பாவெலுக்கு எட்டு. அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார். அவளுடைய படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. கோழிப்பண்ணையில் முட்டைகளைத் தரம் பிரித்துத் தம்பியை நோவி சாத் நகரம் வரை அனுப்பிப் படிக்க வைத்தாள். அவன் சொந்த ஊர்ப் பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பி வந்த அன்று, அவனுடைய சட்டைக் காலரை மூன்று தடவை இஸ்திரி போட்டாள். மூன்றாவது தடவைக்கு அவசியமே இருக்கவில்லை.

எதையும் அரைகுறையாகச் செய்வது அவளுக்கு ஆகாது. முற்றம் பெருக்கினால் துடைப்பத்தின் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஊறுகாய்க் குப்பிகள் அலமாரியில் ராணுவம் போல நிற்கும். ஸ்லோவாக் வீடுகள் சுத்தத்துக்குப் பேர்போனவை. அந்த வீடுகளுக்குள்ளும் யுதித்தாவின் வீட்டைத்தான் மற்றவர்கள் தங்கள் மருமகள்களுக்குச் சுட்டிக்காட்டுவார்கள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் முன்பு 'பிள்ளை மாற்று' என்று ஒரு வழக்கம் இருந்தது. கோடை விடுமுறைக்கு ஸ்லோவாக் வீட்டுப் பிள்ளை ஹங்கேரிய வீட்டுக்கோ செர்பிய வீட்டுக்கோ போகும். அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வரும். கூலி, பணம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு விதிதான்: போன பிள்ளையின் இடம் வந்த பிள்ளைக்கு. அதன் நாற்காலி, அதன் கரண்டி, கட்டிலில் அதன் பாதி, அதற்கு விழவேண்டிய திட்டு, எல்லாம். அறுவடை முடிவதற்குள் பிள்ளை இன்னொரு பாஷையில் சண்டை போடக் கற்றுக்கொண்டு வீடு திரும்பும். காலப்போக்கில் அது நின்றுபோயிருந்தது.

பாவெல்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தான். ஊர்ப் பண்பாட்டு இல்லத்தில் மாலை வகுப்புகள், நாடகம், பாட்டு, இவற்றோடு பிள்ளை மாற்றும். பழைய நாட்களில் இல்லாத ஒன்றையும் அவன் சேர்த்தான். ஊர்க்கோடியில், மற்றவர்கள் ஜிப்ஸிகள் என்று ஒதுக்கிவைத்த ரோமா மக்களின் தெருப் பிள்ளைகளும் இந்த முறை குலுக்கல் சீட்டில் உண்டு.

சீட்டுக் குலுக்கிய அன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் சிரிப்பும் கேலியுமாகப் போய்க்கொண்டிருந்தது. பாவெல் ஒரு சீட்டைப் பிரித்து, "யகோதா, பத்து வயசு, கிணறு தோண்டற தூஷானோட பொண்ணு," என்று படித்தான். சிரிப்பு நின்றது.

"எங்க வீட்டுல வெள்ளையடிக்கிறோம், வாத்தியாரே," என்றாள் ஒருத்தி.

"எங்க பையனுக்கு இப்பத்தான் காய்ச்சல் விட்டிருக்கு."

"போன வாரம் பந்துக்குப் பின்னாடி ஓடறப்ப விடலையா அந்தக் காய்ச்சல்?" என்று யாரோ கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பாவெல் அந்தச் சீட்டைப் பிடித்தபடியே நின்றான். அவன் காதுகள் சிவக்கத் தொடங்கியதை யுதித்தா பார்த்தாள். தன் தம்பி இத்தனை பேர் முன்னால் இப்படி நிற்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"எங்க வீட்டுக்கு வரட்டும்," என்று எழுந்தாள். "எங்க மூத்தவ லென்கா அங்க போவா."

கைதட்டினார்கள். மற்ற ரோமாப் பிள்ளைகளுக்கும் அதன் பிறகு வீடு கிடைத்தது. "நீ மட்டும் எழுந்திருக்கலன்னா இன்னைக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும் அக்கா," என்றான் பாவெல் வீடு திரும்பும்போது. அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

யகோதாவை அவள் அம்மா சவெத்தா கூட்டிவந்தாள். பிள்ளையின் தலையைக் கண் இழுபடும் அளவுக்கு வாரிப் பின்னியிருந்தாள். பாவாடை புதிது. காலுறையில்கூட அழுக்கில்லை. இதையெல்லாம் யுதித்தா கவனித்தாள். கவனித்தும், அவள் பார்வை அந்தப் பின்னலின் வகிட்டிலேயே போய்ப் போய் நின்றது.

லென்காவின் இடம் உள்ளறைக் கட்டிலில், ஏழு வயதுத் தங்கை வியெர்காவின் பக்கத்தில். வியெர்கா காலையிலிருந்தே ஒதுங்கிப் படுத்துப் படுத்து இடம் அளந்து வைத்திருந்தாள்.

"உனக்கு முன்னறை, கண்ணு," என்றாள் யுதித்தா.

சவெத்தா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகளின் நெற்றியில் முத்தமிட்டு, லென்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்லோவாக் வீட்டு முன்னறையில் யாரும் படுப்பதில்லை. பூவேலை செய்த தலையணைகளை உத்தரம் தொடும்வரை அடுக்கிய உயரமான கட்டில் ஒன்று அங்கே இருக்கும். பாதிரியார் வந்தால் அந்த அறை திறக்கும், கல்யாணத்துக்குத் திறக்கும், வீட்டில் சாவு விழுந்தால் பிணத்தைக் கிடத்தவும் திறக்கும். யுதித்தா அந்தத் தலையணைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். நல்ல உறைகளைக் கழற்றிப் பெட்டியில் பூட்டினாள். மெத்தை மேல் ஒரு பழைய போர்வையை விரித்து, அதற்கு மேல் விரிப்பைப் போட்டாள். பேன் பரவினால் இந்தக் கட்டிலோடு போகும், வியெர்காவுக்கு ஒட்டாது. இந்த எண்ணத்தை அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. கை மட்டும் அதன்படி வேலை செய்தது.

மறுநாளே ஊர் முழுக்க அதே பேச்சு. தேனீ வளர்க்கும் ஹங்கேரியக் கிழவர் பாலிந்த், பண்பாட்டு இல்லக் குழுவின் தலைவர், சைக்கிளை நிறுத்திவிட்டே சொன்னார்: "முன்னறையைத் திறந்துட்டியாமே பொண்ணு. நான் உங்க தாத்தா வீட்டுல மாற்றுப் பிள்ளையா இருந்தப்ப உங்கப்பாவோட ஒரே கட்டில்ல போட்டாங்க. ராத்திரி முழுக்க உதைப்பான். ராஜ மரியாதை இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத்தான்."

யுதித்தா சிரித்தாள்.

யகோதா சொன்ன வேலையைச் செய்தாள். பிளம் பழக் கொழுக்கட்டைக்கு மாவு உருட்டினாள். வியெர்காவுக்கு விரல் விளையாட்டு கற்றுக்கொடுத்தாள். ஆனால் நாளுக்கு நாள் அவள் கண்களுக்கு அடியில் கறுத்துவந்தது.

"அம்மா, அவ தூங்கறதே இல்ல. கதவுகிட்ட உக்காந்திருக்கா," என்றாள் வியெர்கா.

"புது இடம். பழகிடும்."

"பாட்டி செத்தப்ப அதுல கிடத்தினாங்கன்னு நான் சொல்லிட்டேன். என்கூடப் படுக்கட்டுமேம்மா."

"சாப்பிடு."

ஒரு காலை யகோதா கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

"முன்னறையே குடுத்தும் தங்கல பாரு," என்றாள் ரொட்டிக் கடையில் ஒருத்தி. "ஜிப்ஸி ரத்தம். நாலு சுவருக்குள்ள நிக்காது. நீ என்னதான் பண்ணுவ, யுதித்தா?"

யுதித்தா பெருமூச்சு விட்டாள். "என்ன பண்றது," என்றாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான், வாயிலிருந்து வந்த அந்த இரண்டு வார்த்தையும் என்ன என்று அவளுக்கு உறைத்தது. அவர்கள் சொன்னதற்கு அவள் ஆமாம் போட்டிருக்கிறாள்.

அன்று பிற்பகல் லென்கா நீச்சல் உடையை எடுக்க ஓடிவந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, வாயில் புதுப் பாட்டு.

"நீ எப்ப வீட்டுக்கு வர?" என்றாள் யுதித்தா.

"ஏன் வரணும்? அறுவடை முடியலையே. யகோதா வந்தா என்ன, அவ தம்பி இருக்கான், நான் இருக்கேன்."

"எங்க படுக்கற?"

"நடுவுல. சுவரோரம் ஈரமாம், வெளிப்பக்கம் படுத்தா உருண்டு விழுந்துடுவேனாம். நடுவுலதான் யகோதா படுக்கறதாம், அதான் என் எடம்." லென்கா அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டே கேட்டாள்: "இப்ப அவ மறுபடி வந்ததும் எனக்காக ஓரத்துக்குப் போயிட்டா. இங்க என் எடத்துல அவ படுக்கலையாம்மா?"

யுதித்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் பாவெல் வந்தான். சூப்பைக் குடித்து முடித்தான்.

"அக்கா, வியெர்கா பக்கத்துல எடம் இருந்துச்சுல்ல?"

"மரியாதைக்குத்தான் முன்னறையைக் குடுத்தேன். ஊரே சொல்லுது."

"அம்மா போனப்புறம் அந்தக் கட்டில்ல நீ ஒரு நாள் படுத்திருக்கியா?"

அவள் தட்டை எடுத்தாள். அவன் மேசை விரிப்பைத் தடவினான். "சரி," என்றான். அவ்வளவுதான். அவன் கோபித்திருந்தால் அவளும் பதிலுக்குக் கோபித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. பாலிந்த் தொண்டையைச் செருமினார். "வாத்தியார் தம்பி நல்லெண்ணத்துலதான் ஆரம்பிச்சார். ஆனா இன்னாரால இன்னதுதான் முடியும்னு இருக்கு. ரோமாத் தெருவுக்குத் தனியா ஒரு வகுப்பு வெச்சுடலாம். மாற்றுல வேணாம். யுதித்தா வீட்டுலயே நிக்கலன்னா வேற எந்த வீட்டுல நிக்கும்?"

பலர் தலையாட்டினார்கள். கதவோரம் சவெத்தா, மிளகாய்த் தோட்டத்திலிருந்து நேராக வந்தவள், தலைத்துணியை அவிழ்க்காமல் நின்றிருந்தாள்.

பாவெல் எழுந்தான். "அது... குழந்தைக்கு வீட்டு ஏக்கம். வேற ஒண்ணுமில்ல. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரும்."

சொல்லும்போது தரையைப் பார்த்தான். அவன் காதுகள் கழுத்துவரை சிவந்திருந்தன. எட்டு வயதிலிருந்து அவன் சொன்ன பொய்களை எல்லாம் அவள் அந்தக் காதுகளிலேயே படித்திருக்கிறாள். இந்தப் பொய் அவளுக்காக. அவளைக் காப்பாற்ற, அந்தப் பிள்ளையின் மேல் விழுந்த பழியை அவன் பாதி மட்டும் துடைத்திருக்கிறான். அவனைப் படிக்க வைத்தது இதற்கா?

யுதித்தா எழுந்தாள். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏக்கமெல்லாம் இல்ல. எம் பொண்ணு எடம் காலியாத்தான் இருந்துச்சு. அதுல அவள விடல. பேன் இருக்கும்னு நெனச்சேன். வியெர்கா பக்கத்துல வேணாம்னு பொணம் கிடத்தற கட்டில்ல தனியாப் போட்டேன். நீங்க மரியாதைன்னீங்க. நானும் வாய மூடிக்கிட்டேன்."

"அடியில பழைய போர்வை போட்டேன்," என்று சேர்த்தாள். யாரும் கேட்காத விஷயம். ஆனால் சொல்ல ஆரம்பித்ததை அரைகுறையாக விட அவளுக்குத் தெரியாது.

மண்டபத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. சவெத்தா பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"முன்னறைன்னதுமே எனக்குப் புரிஞ்சுடுச்சு. எங்க தெருவுக்கு யாரும் அவ்வளவு மரியாதை குடுத்ததில்ல."

"அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கலாமே," என்றார் பாலிந்த்.

"மத்தப் பிள்ளைங்களுக்கு வீடு கெடைக்காமப் போயிடுமேன்னு விட்டேன்."

பாலிந்த் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். "நான் சொன்னத எடுத்துடுங்க," என்றார் கடைசியில். மாற்று அப்படியே தொடரும் என்று முடிவானது. யாரும் யுதித்தாவைத் திட்டவில்லை. வெளியே போகும்போது பக்கத்தில் நடந்தவர்கள் வானிலை பற்றிப் பேசினார்கள். அவர்களில் சிலர் அவள் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் அவர்களுடைய வீட்டுக்கு வந்த ரோமாப் பிள்ளைகள் படுத்த கட்டில்களாகவும் இருக்கலாம்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் அவள் ரோமாத் தெருவுக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அந்தத் தெருவில் அவள் ஒரு வாசற்படியும் ஏறியதில்லை. சவெத்தா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காப்பி வைத்தாள். யுதித்தா குடித்தாள். சர்க்கரை போதவில்லை. கேட்க வாய் வரவில்லை.

"யகோதாவக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். வியெர்கா பக்கத்துல. லென்கா எடத்துல."

"எனக்கு ஆட்சேபணை இல்ல. அவளையே கேளுங்க."

யகோதா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் யுதித்தாவின் காலணிகளைப் பார்த்துக்கொண்டு, "வரல, தேத்தா," என்றாள். அத்தை என்ற அந்தச் சொல்லை ஸ்லோவாக்கிலேயே சரியாகச் சொன்னாள். அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள்.

"அந்த அறையப் பூட்டிட்டேன், கண்ணு."

"வரல."

"வற்புறுத்த மாட்டேன்," என்றாள் சவெத்தா. "லென்கா இருக்கட்டும். அவ எடம் அவளுக்கு உண்டு."

இடம் கொடுத்த வீடு ஒன்று, இடம் கொடுக்காத வீடு ஒன்று என்று ஒரு மாற்று அந்த ஊரில் அதுவரை நடந்ததில்லை. அறுவடை முடியும்வரை இனி எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். யுதித்தா கோப்பையை எடுத்துப் போய்க் கழுவப் பார்த்தாள். சவெத்தா அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வாய்க்கால் ஓரமாக வீட்டுக்குக் குறுக்கு வழி இருந்தது. யாரும் பார்க்காமல் போய்விடலாம். அவள் பெரிய தெரு வழியாகவே நடந்தாள். மாலை நேரம், எல்லா வாசலிலும் ஆட்கள்.

"என்ன யுதித்தா, பிள்ளையக் கூட்டிவரப் போனியாமே. எங்க?"

"வரமாட்டேன்னுட்டா."

"அப்படி என்ன, இன்னும் பயமா அந்தக் கட்டிலப் பாத்து?"

"கட்டிலப் பாத்து இல்ல," என்றாள் யுதித்தா. "என்னப் பாத்து."

கேட்டவள் மடியிலிருந்த பட்டாணியை உரிக்கத் தொடங்கினாள். அடுத்த வாசலிலிருந்தவர்களும் அவள் வருவதைப் பார்த்துவிட்டார்கள்.