வரப்பில் நின்ற நெப்டியூன்

முழ உயரச் சவுக்குக் குச்சி ஒன்று. அதன் உச்சியில் சிவப்புத் துணி. துணிக்கு மேலே பசை வைத்து ஒட்டிய ஒற்றைக் கொண்டைக்கடலை. எங்கள் உப்பளத்து வரப்பில் அதை நட்டவர் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர். கடலையைக் கொடுத்தவள் நான். மரக்காணத்தை ஒட்டிய அந்தப் பள்ளியில் எனக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை, கிடங்குச் சாவி என்னிடம்தான் இருக்கும். ஒருநாள் கொஞ்சம் கடுகும் கடலையும் கேட்டு வந்தார். எதற்கு என்றேன். கிரகம் செய்ய என்றார். எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பாண்டிச்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், அன்றைக்குத் தோள்பையில் நீளமான அளவு நாடா வேறு வைத்திருந்தார். நாடாவைப் பார்த்துக்கொண்டேதான் கடலையை எடுத்துக் கொடுத்தேன்.

பள்ளி வாசலில் மஞ்சள் பெயின்ட் அடித்த கால்பந்தை வைத்து அதுதான் சூரியன் என்றார். அந்தக் கணக்குக்குப் பூமி ஒரு கடுகு. வியாழன் ஒரு நெல்லிக்காய். அது மைதானத்துக் கோடியிலேயே போய் நின்றது. அதற்கப்புறம் பள்ளிக்கு இடமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அளந்தபடியே உப்பளத்துக்குள் இறங்கிவிட்டார். கடைசிக் கிரகமான நெப்டியூன் எங்கள் பாத்திகளுக்கு நடுவில் வந்து விழுந்தது. வெள்ளை வெளேரென்ற உப்பில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று குச்சிக்குக் குச்சி சிவப்புத் துணி கட்டியிருந்தார். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சிக்கு ஒரே அர்த்தம்தான். நிலத்தை அளக்கிறார்கள், யாரோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். ரோட்டோரத்துத் தோப்பு ஒன்று அப்படித்தான் போயிற்று. எங்கள் பாத்திகளோ குத்தகை. நிலத்துக்காரர் சென்னையில் இருப்பவர், அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? என் சத்துணவுச் சம்பளத்தை மட்டும் வைத்துக் குடும்பம் ஓடாது. உப்பு வாரிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பின்னாலேயே பத்துப் பேர். எங்களுடைய குச்சிதான் என்று பிள்ளைகள் கத்தினார்கள். பிள்ளைகளை வைத்து அளக்கிறார்கள் பார் என்று சந்தேகம் இன்னும் முற்றியது.

டீச்சர் நிதானமாகத்தான் பேசினார். காலையில் நீங்கள் உப்பு வார இறங்கியபோது சூரியனை விட்டுக் கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் நெப்டியூனுக்குப் போய்ச் சேரும், அவ்வளவு தூரம், அதைக் காட்டத்தான் நட்டேன் என்றார். கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"சூரியன் உங்க ஸ்கூல்லயே இருக்கட்டும்மா. உங்க கிரகம் எதுக்கு எங்க வரப்புல வந்து நிக்குது?"

"எங்க இடம் வியாழனோட முடிஞ்சிடுச்சுங்க" என்றார் டீச்சர்.

அது உண்மையான பதில். உண்மையாக இருந்ததாலேயே யாரும் நம்பவில்லை. கடலை நான் கொடுத்ததுதான் என்று சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னையும் சேர்த்தே முறைத்தார். பாண்டிச்சேரியில் டீச்சரின் கணவருக்கு என்ன வேலை, நிலம் வாங்கி விற்பவரா என்று வாரக்கணக்கில் ஊர் விசாரித்தது. நானும்தான் விசாரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததையும் சந்தேகப்பட்டோம். பள்ளி ஆண்டு முடிந்ததும் டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகிற அன்று, மீதி இருந்த கடுகைப் பொட்டலமாகக் கட்டி என்னிடம் கொடுத்து, "கிடங்குல போட்டுடுங்கக்கா, கணக்கு உதைக்கப் போவுது" என்றார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அடுத்த உப்பு சீசனில் மோட்டார் பைக்கில் இரண்டு பையன்கள் வந்தார்கள். மூன்று கால் வைத்த ஒரு பெட்டி, நுனியில் சின்னக் கண்ணாடி பொருத்திய ஒரு கம்பு, அவ்வளவுதான். குச்சியும் இல்லை, துணியும் இல்லை, நாடாவும் இல்லை. மழைத் தண்ணீர் தேங்காமலிருக்க மேடு பள்ளம் பார்க்கிறோம் என்றார்கள். நல்ல காரியம்தானே என்று என் வீட்டுக்காரர் மோர் வாங்கிக் கொடுத்தார். குத்தகையின் மூலைகள் எவை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இவரே முன்னால் நடந்து காட்டினார். ஒரு பையன் வெயில் தாங்காமல் உட்கார்ந்துவிட, கம்பை இவரே வாங்கி மூலைக்கு மூலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த சீசன் முடிவதற்குள் நிலம் கைமாறிவிட்டது. இன்று பாத்திகள் இருந்த இடத்தைச் சுற்றி முள்கம்பி, உள்ளே ஓய்வு விடுதிக்கான பெயர்ப்பலகை. என் வீட்டுக்காரர் கிளியனூர்ப் பக்கம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறார். நாடாவைக் கண்ணாலேயே பார்க்கவில்லையே, எப்படித்தான் அளந்தார்கள் என்று வெகுநாள் புலம்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நெப்டியூன் நட்ட பிள்ளைகளில் ஒருத்தி எங்கள் தெருக்காரி, இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஒரு சாயங்காலம் அவளிடமே கேட்டுவிட்டார்.

"வெளிச்சத்தாலதான் அளப்பாங்க சித்தப்பா. பொட்டியிலேருந்து வெளிச்சம் போய்க் கண்ணாடியில பட்டுத் திரும்பி வரும். அத வச்சு தூரம் தெரிஞ்சிடும். கண்ணாடிதான் முக்கியம், அது இல்லன்னா திரும்பி வராது."

அவள் போன பிறகு சோறு போட்டுக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை.

"கண்ணாடிய நான்தானடி புடிச்சுக்கினு நின்னேன்" என்றார்.