முகம் திரும்பிய குதிரை

ரொட்டி வரிசையில் முன்னால் நிற்பவரின் காலர் மடங்கியிருந்தால்கூட நிவால்தோவுக்குக் கை பரபரக்கும். கோணலாக எதையும் பார்க்கச் சகிக்காத பிறவி. சதுரங்கம் ஆடும்போது குதிரையின் முகம் எதிராளியைப் பார்த்தே நிற்கவேண்டும். சாந்தா கிளாரா பூங்காவில் அவனோடு இருபது வருஷமாக மோதிய எரிபெர்த்தோ வேண்டுமென்றே அதைத் திருப்பி வைப்பான்.

"பாரு மச்சான், உன் குதிரைக்கு என்னைப் பாத்தா வெக்கம்!"

இருவரில் யார் கெட்டிக்காரன் என்று ஊருக்கு இன்றுவரை தெரியாது. முக்கால்வாசி ஆட்டம் சமனில்தான் முடியும்.

அந்த வருஷம் மெக்சிகோ போட்டிக்கு மாகாணத்திலிருந்து ஒருவருக்குத்தான் இடம். நாட்டைவிட்டு வெளியேற வேறு வழி கிடையாது; போகிறவன் திரும்பமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நிவால்தோவின் மனைவி ஓஸ்மாரா முன்பே மெக்சிகோவின் மெரிடாவுக்குப் போய், ஏதோ ஓட்டலில் படுக்கை விரிக்கும் வேலை பார்த்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தாள். தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்றில் நண்பர்கள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அரைப் புள்ளி முன்னால் இருந்த எரிபெர்த்தோவுக்குச் சமன் போதும். நிவால்தோ ஜெயித்தே ஆகவேண்டும்.

ஜெயித்துக்கொண்டும் இருந்தான். ஒரு சிப்பாய் அதிகம். அதற்குக் காவல் ஒரு குதிரை. எரிபெர்த்தோ யானையை நகர்த்தும்போது சட்டைக் கை உரசி, குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. நிவால்தோவின் பாழாய்ப்போன விரல் தானாகப் போய் அதை நேராக்கியது. போட்டியில் 'சரிசெய்கிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் தொடவேண்டும். அவன் சொல்லவில்லை.

"தொட்டுட்டே," என்றான் எரிபெர்த்தோ, தலை நிமிராமல்.

"டேய், நேராத்தான்டா வச்சேன். உனக்குத் தெரியாதா?"

"தொட்டா நகர்த்தணும், நிவால்தோ."

மச்சான் என்று சொல்லவில்லை. நடுவர் வந்தார். குதிரை நகர்ந்தது, சிப்பாய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு ராஜாக்கள்தான் மிச்சம். சமன். கை குலுக்கினார்கள். சட்டைக் கை தெரிந்துதான் உரசியதா என்று கேட்க நிவால்தோவுக்குப் பயமாக இருந்தது. ஆமாம் என்றுவிட்டால் இருபது வருஷமும் போய்விடும்.

எரிபெர்த்தோ போனான், திரும்பவில்லை. ஒரு மாலை ஓஸ்மாரா போன் செய்தாள்.

"உன் சிநேகிதன் வந்திருந்தான். ஜெயிக்கிற ஆட்டத்த நீதான் கைவிட்டியாம். உண்மையச் சொல்லு, இங்க வர உனக்கு இஷ்டமில்லையா?"

"குதிரையத் தொட்டுட்டேன், ஓஸ்மாரா."

அவளுக்குச் சதுரங்கம் தெரியாது. "எந்தக் குதிரை?" என்றாள்.

அவன் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினான். சிப்பாய்வரை வருவதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.