நான் கவனிக்காத அடுப்பு

போன வாரம் குளியலறைக் குழாய் ஒழுகுகிறதென்று கொத்தனார் தரையை உடைத்தார். இரண்டடி ஆழத்தில் கரி பிடித்த மூன்று கருங்கல் வந்தது. கரிவாசம் இத்தனை காலம் மண்ணுக்குள் நிற்காது என்று அறிவு சொல்கிறது, மூக்கு கேட்கவில்லை. எனக்கு உடனே பால் விடாத கட்டஞ்சாயா குடிக்க வேண்டும் போலிருந்தது. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வரும்.

நான் பத்திரிகைத் தொழில் படித்தவள் என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. ஊருக்கு நான் ஓய்வுபெற்ற டீச்சர், அவ்வளவுதான். ஆனாலும் படித்தேன், திருவனந்தபுரத்தில் ஒரு வருடம். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர் கொல்லயிலில் இருந்து நடந்து, பாறசாலையில் காலைப் பாசஞ்சர் ஏறிப் போவேன். வகுப்பில் மற்றவர்களெல்லாம் சுத்தமான மலையாளக்காரர்கள். முதல் வாரம் ஆசிரியர் ஒரு செய்தியை ‘அடியந்திரமாக’ எழுதித் தரச் சொன்னார். அவசரமாக என்ற அர்த்தத்தில் சொன்னார். எங்கள் பக்கத்தில் அடியந்திரம் என்றால் செத்தவருக்குப் பதினாறாம் நாள் போடுகிற சோறு. யார் செத்தது என்று கேட்டுவிட்டேன். வருடம் முழுக்க எனக்கு அடியந்திரம் என்றுதான் பெயர்.

படிப்புச் செலவு அண்ணனுடையது. அவன் துபாயில் கம்பி கட்டும் வேலையில் இருந்தான். அவன் கடிதத்தில் இரண்டு விஷயம் தவறாது: தங்கச்சி படிப்பு, புது வீடு. வீட்டுக்கு அப்பா பார்த்து வைத்திருந்த இடத்தில், எங்கள் தென்னந்தோப்பின் ரோட்டோரத்தில், தங்கையனின் குடிசை இருந்தது. எங்களுக்குத் தேங்காய் வெட்டுகிறவர். நான் பிறக்கும் முன்பே அங்கே குடியிருந்தவர். புது நிலச் சட்டப்படி, குடியிருப்பவருக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று கேட்டு அவர் மனு கொடுத்திருந்தார். தங்கையன் தோப்புக் காவலுக்குக் கிடந்தவன், அங்கே குடும்பம் நடத்தவில்லை என்று அப்பா பதில் கொடுத்தார். சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர் அப்பா. அந்தப் பொய்யைக் கஷ்டப்பட்டுத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மகள் அல்லவா, அப்படித்தானே நினைப்பேன்.

இந்த நேரம் பார்த்து, சொந்த ஊரில் ஒரு வீட்டைப் பற்றி, கண்ணால் கண்டதை மட்டும் எழுதி வரச் சொன்னார்கள் வகுப்பில். தூரமாகப் போக எனக்குச் சோம்பல். தங்கையனின் மனைவி ரோசம்மையிடம் போய் உட்கார்ந்தேன். அடுப்புக்கு மூன்று கல், ஒன்று சாய்வு, அதற்கு ஒரு ஓட்டுத் துண்டு முட்டு என்று நோட்டில் எழுதினேன். கருப்பட்டி போட்டுக் கட்டஞ்சாயா தந்தார். “எங்களையும் எழுத ஒரு ஆளு உண்டு, இல்லியா மக்கா” என்று சிரித்தார். அந்த அடுப்புக்காகவே ஆசிரியர் என் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்து ரோசம்மையின் அம்மை அம்பூரியில் இறந்துபோனார். இருவரும் அடியந்திரத்துக்குப் போன இரண்டு நாளில், அப்பா ஆள் வைத்து அந்த அடுப்பைக் குழிதோண்டிப் புதைத்துத் தரையைச் சாணி மெழுகிவிட்டார். சட்டி பானையெல்லாம் எங்கள் விறகுப்புரைக்கு வந்தன. மூன்றாம் நாள் காலை, அங்கே சமைத்துக் குடியிருந்தார்களா என்று விசாரிக்க ஆபீசர் வருகிறார். ரயிலுக்குக் கிளம்பி நின்ற என்னை அப்பா நிறுத்திக்கொண்டார். படித்த பெண் பக்கத்தில் நின்றால் மதிப்பு என்று நினைத்தார் போல. புட்டு தின்றுகொண்டே, முகம் பார்க்காமல் சொன்னார்.

“அண்ணன் அங்க வெயில்ல கெடந்து வேவுறது உனக்குப் படிக்கவும் நமக்கு வீடு வைக்கவுமாக்கும். ஓர்மை இருக்கட்டு.”

தோள்பையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் குடிசைக்கு நடந்தேன்.

ஆபீசர் குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பு இல்லை. அப்போதுதான் பஸ் இறங்கி மனைவியோடு ஓடி வந்த தங்கையன், இங்கேதான் இருந்தது என்று மெழுகிய தரையைக் காட்டினார். பிறகு என்னைக் கண்டார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

“இந்தப் பிள்ளை எழுதி எடுத்ததுண்டு சாறே. அதுகிட்ட கேளுங்க.”

ஆபீசர் என் பக்கம் திரும்பி, அடுப்பு இருந்ததா என்று மலையாளத்தில் கேட்டார். “மோளே, அடுப்பு உண்டாயிருந்நோ?”

ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் தங்கையன். நோட்டு என் தோள்பையில்தான் இருந்தது. கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

“ஞான் ஸ்ரத்திச்சில்ல சார்.”

நான் கவனிக்கவில்லை. கவனிப்பதற்கென்றே படிக்கப் போனவள் சொன்னது.

ரோசம்மை என் தோள்பையைப் பார்த்தபடி நின்றார். மனு தள்ளுபடியானது. அவர்கள் ஆரியங்கோட்டுப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போனதாகக் கேள்வி. குடிசை நின்ற இடத்தில் வீடு எழும்பியது. நான் படித்து முடித்தேன், சான்றிதழும் உண்டு. பத்திரிகை வேலைக்கு மட்டும் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, என்னால் முடியவில்லை.

இப்போது அப்பா இல்லை. அண்ணன் தன் மகளோடு வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டை எனக்கே எழுதி வைத்துவிட்டான், வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. தோப்பு போய்க் கடைகள் வந்துவிட்டன. குடிசை எங்கே நின்றதென்று காட்ட ஊரில் என்னை விட்டால் ஆளில்லை.

கொத்தனார் கல்லைப் புரட்டினார். “ஆருக்க அடுப்பு டீச்சரே இது?”

முட்டுக் கொடுத்திருந்த ஓட்டுத் துண்டும் கூடவே கிடந்தது.

“தங்கையனுக்க அடுப்பு” என்றேன். “ரோசம்மை இதிலதான் சாயா போட்டது. நான் கண்டதுண்டு.”

அவருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு, கல்லைக் கூடையில் அள்ளி ரோட்டோரத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்.