கண்ணாடியில் இருந்த மூன்று பொட்டு

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரம்பலூரில் வீட்டிலேயே மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறேன். இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றிரண்டு தெரியும். என் அக்காவுக்கு அதுவும் தெரியாது.

அக்காவை உடையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்தோம். மாமா இறந்து நாலு வருஷம் ஆகிறது. கல்யாணமான புதிதில் அவர் வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று, முந்திரிக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் பேச்சில்லாமல் கிடந்தது.

"தம்பி, ஊரான் மோட்டாரெல்லாம் உன் கையில சுத்துது. எங்க வூட்டு ரேடியோ மட்டும் ஊமையா கெடக்குது. இத எப்படியாச்சும் பேச வச்சுக் குடு" என்றாள் அக்கா.

பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

பின்பக்கத்தைத் திறந்தால் எலிக்கூடு. சுத்தம் செய்தேன். பழைய கண்டன்சரெல்லாம் மாற்றினேன். ஒரு வால்வு போயிருந்தது. திருச்சியில் பழைய சாமான் விற்கும் கடையில் தேடிப் பிடித்தேன். கடைக்காரர் ஒன்று சொல்லி அனுப்பினார்.

"ஸ்டேஷன் பேரு போட்ட கண்ணாடிக்கு உள்பக்கந்தான் எழுத்து இருக்கும். ஈரத்துணி பட்டுச்சுன்னா அம்புட்டும் கையோட வந்துடும். பாத்துக்குங்கண்ணே."

அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றி, உள்பக்கத் தூசியை வாயால் ஊதி, பிரஷால் மெதுவாகத் தட்டினேன். ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை.

வெளிப்பக்கம் மூன்று இடத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தின்னர் தொட்டு, பிளேடால் சுரண்டினேன். கறுப்புக்கு அடியில் சிவப்புத் தெரிந்தது. கை ஒரு நிமிஷம் நின்றது. பெயிண்ட் தெறித்திருக்கும் என்று நினைத்து முழுசாகச் சுரண்டிவிட்டேன்.

அந்தக் காலத்துச் சாமானுக்கு நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. நடுவில் ஒரு குண்டு பல்பைப் போட்டுக் கொடுத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது; உள்ளே ஷார்ட் இல்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் திருச்சி ஸ்டேஷன் பேசியது. என் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"பரவாயில்லையே. உங்கள விட அதிகமா பேசுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பளபளன்னு இருக்குதேடா."

"கண்ணாடியில ஒரு எழுத்துகூட போவலக்கா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் கண்ணாடியின் மேல் விரலை வைத்துத் தடவினாள். திரும்பவும் தடவினாள்.

"பொட்டு எங்க?"

"என்ன பொட்டு?"

"மாமா நகப்பாலீஷ்ல வச்ச பொட்டு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு வச்சாரு. முள்ளு பொட்டுல நின்னா ஸ்டேஷன் வரும். யாரையும் கேக்காம நானே வச்சிக்குவேன்."

கறுப்புக்கு அடியில் பார்த்த சிவப்பு நினைவுக்கு வந்தது. சுரண்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

"நான் பாக்கலையே. பழசுல்ல, தானா உதுந்திருக்கும்" என்றேன்.

"இருக்கும், இருக்கும்" என்றாள். "மொதப் பொட்டு திருச்சி. அடுத்தது சிலோன்."

"மூணாவது?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். மூன்று என்று அவள் சொல்லவே இல்லை. கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

கண்ணாடிப் பக்கம் திரும்பி, "மூணாவது எதுன்னு அவருக்குத்தான் தெரியும். காத்தால அதுலதான் வைப்பாரு. நான் கேட்டுக்கிட்டது இல்ல" என்றாள்.

எழுந்துபோய் எங்கிருந்தோ ஒரு நகப்பாலீஷ் பாட்டில் எடுத்துவந்தாள். முள்ளை நகர்த்தி, காதால் கேட்டு, திருச்சிக்கு ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு கொஞ்சம் வழிந்துவிட்டது. சிலோன் இப்போது வருவதில்லை. சத்தம் வந்தால்தானே இடம் தெரியும். மூன்றாவதை எங்கே என்று தேடுவது?

"ஒண்ணு போதும், உடு. சாப்புட்டுப் போ" என்றாள்.

தலை நிமிராமல் சாப்பிட்டேன். மறுசோறு போட்டாள். எப்போதும் போலத்தான் போட்டாள்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் இன்னும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கண்ணாடியில் எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறது. அங்கே போனால் நான் ரேடியோவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.